மருந்துக் கடையில் ஒழுக்கத் தீர்ப்பு எதற்கு?



அவசர கருத்தடை மாத்திரையை மருத்துவர் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கலாம் என்று மத்திய அரசு 2005-இல் அனுமதித்தது. தமிழ்நாட்டில் அதற்குத் தடை ஏதும் இல்லை என்று அதிகாரிகளும் பத்திரிகைகளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் எங்கள் பகுதி மெடிக்கல் ஷாப்புகளில் கேட்டால், "அதெல்லாம் வைக்கிறதில்லைம்மா" என்பதுதான் பதில். கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இந்த அநியாயத்தை வன்மையாகக் கண்டிக்கிறேன்.

அண்மையில், கைக்குழந்தைக்காரியான ஓர் உறவுக்காரப் பெண்ணுடன் கடைக்குப் போனேன். ஆணுறை கிழிந்துவிட்ட பதற்றம் அவளுக்கு. கடைக்காரர் முதலில் அவள் கழுத்தில் தாலி இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு, "கருவைக் கலைக்கிற மாத்திரையெல்லாம் நாங்க விக்கிறதில்லை" என்றார். கல்லாவுக்குப் பக்கத்திலேயே ஆணுறைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவற்றை வாங்கும் ஆணிடம் யாரும் கல்யாணம் ஆகிவிட்டதா என்று பார்ப்பதில்லை. எனக்குப் பழகிய இடம் என்பதால் அரசு மருத்துவமனையில் வாங்கிக் கொடுத்தேன். அந்த வழி எத்தனை பெண்களுக்குத் தெரியும்?

கடைக்காரர் சொன்னது தவறு. விந்தணு பெண்ணுடலில் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். முட்டையின் ஆயுளோ ஒரு நாள்தான். எனவே உறவு நடந்து சில நாள் கழித்தும் கருத்தரிக்கலாம். அந்த இடைவெளியில் வேலை செய்வதுதான் இந்த மாத்திரை. இதிலுள்ள 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல், சினைப்பையிலிருந்து முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. முட்டை வெளிவந்துவிட்டால் மாத்திரையால் பயனில்லை. கரு தங்கிவிட்டாலும் அதைக் கலைக்காது. கருக்கலைப்புக்குத் தரும் மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் இரண்டும் வேறு மருந்துகள். மருத்துவர் சொல்லாமல் அவற்றைத் தொடவே கூடாது.

கரு உண்டான நொடியிலிருந்தே அது ஓர் உயிர் என்று நம்புகிறவர்களை நான் மதிக்கிறேன். அவர்கள் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், அதிலும் முடிந்தவரை சீக்கிரம் போட வேண்டும். கடை கடையாக அலையவிட்டு அந்த நேரத்தைக் கடத்தினால், வேண்டாத கரு தங்கும். அதன்பின் அந்தப் பெண் போய் நிற்கும் இடம் கருக்கலைப்பு அறை. கையில் காசில்லாதவள் என்றால் போலி மருத்துவரின் வாசல். கருக்கலைப்பு பாவம் என்று மாத்திரையை மறுப்பவர்களே அவளை அங்கே தள்ளுகிறார்கள்.

"கிடைத்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள்" என்பது அடுத்த வாதம். வன்கொடுமைக்கு ஆளானவளுக்கும், கணவனிடம் மறுத்துப் பேச முடியாதவளுக்கும் இதைச் சொல்ல யாருக்கு மனம் வரும்? கல்யாணமாகாத பெண்ணாகவே இருக்கட்டும். அவள் நடத்தையைப் பற்றிக் கடைக்காரருக்கு ஆயிரம் அபிப்பிராயம் இருக்கலாம். அதற்காக மருந்தை மறுக்கும் உரிமை அவருக்கு இல்லை.

இதை மிட்டாய் மாதிரி விற்கச் சொல்லவில்லை. குமட்டல் வரலாம், மாதவிலக்கு முன்பின் ஆகலாம், பால்வினை நோயை இது தடுக்காது. போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி போட வேண்டும். மாதவிலக்கு ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் பரிசோதனை அவசியம். அடிக்கடி தேவைப்படுகிறவர்கள் காப்பர் டி போன்ற நிலையான முறைக்கு மாறுவதே நல்லது. கடைக்காரர் இவற்றைச் சொல்லி விற்கட்டும். அது அவருடைய கடமை.

தடை இல்லை என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒவ்வொரு கடைக்கும் எழுத்துப்பூர்வமாகச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். மாத்திரை இங்கே கிடைக்கும் என்று ஆரம்ப சுகாதார நிலையங்களின் வாசலில் தமிழில் பலகை வைக்க வேண்டும். சட்டம் 2005-இலேயே கொடுத்ததைப் பெண்கள் கெஞ்சி வாங்கும் நிலையை அரசு உடனே மாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்.