மகனுக்கு மட்டை வாங்குமுன்...

"வளர்கிற பிள்ளைதானே" என்று சப்பாத்து எடுப்பதுபோல் கிரிக்கெட் மட்டையையும் பெரியதாக வாங்கிவிடாதீர்கள். பாரமான மட்டையால் அடித்துப் பழகினால் ஆட்டமே கோணலாகிவிடும். காலோடு சேர்த்து நிறுத்தினால் பிடியின் நுனி இடுப்பைத் தாண்டக்கூடாது. மேலே பிடிக்கும் கையால் மட்டும் தூக்கச் சொல்லுங்கள். கை நடுங்கினால் வேண்டாம்.

மென்பந்து விளையாட விலை கூடிய இங்கிலாந்து வில்லோ மர மட்டை தேவையில்லை. காஷ்மீர் வில்லோ போதும். வெடிப்பில்லாவிட்டால் பாவித்த மட்டையும் நல்லதே.

கடினப் பந்தில் ஆடத் தொடங்கினால், மிச்சம் பிடித்த பணத்தில் தலைக்கவசம் வாங்குங்கள். அதை மட்டும் புதிதாகவே எடுங்கள். அடிபட்ட பழைய கவசத்தின் பழுது கண்ணுக்குத் தெரியாது. வீண்விரயமும் வேண்டாம், கஞ்சத்தனமும் வேண்டாம்; நடுநிலையே நம் மார்க்கம் காட்டும் வழி.