விற்றால் தீருமோ கடன்?

கடன் முற்றியவன் முதலில் விற்பது வீட்டுக் காணியையன்று. எல்லையோரத்துச் சிறு துண்டையே. விற்ற பணம் வட்டிக்குப் போகும். முதல் அப்படியே நிற்கும். நம் கமக்காரர் நன்கறிந்த இவ்வுண்மை அமெரிக்கப் பெருங்கம்பனிகளுக்கும் பொருந்தும் என்பதற்குச் ‘சிக்ஸ் ஃபிளாக்ஸ்’ என்னும் களியாட்டப் பூங்காக் கம்பனியின் வரலாறே சான்றாகும்.

1961-இல் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரே பூங்காவாகத் தோன்றியது அது. 1998-இல் ‘பிரீமியர் பார்க்ஸ்’ என்னும் கம்பனி அதனை வாங்கி, அதன் பெயரையே தானும் சூடிக்கொண்டது. பின்னர் கடன்மேற் கடன் பட்டுப் பூங்காமேற் பூங்கா சேர்த்தது. ஒகையோ மாநிலத்து ஜியோகா ஏரிக்கரையில் நூறாண்டுக்கு மேலாக மக்கள் கூடிய பூங்காவும் அதன் கையில் இருந்தது. எதிர்க்கரையிலிருந்த ‘சீ வேர்ல்ட்’ பூங்காவையும் 2001-இல் 11 கோடி டொலருக்கு வாங்கி இணைத்தது. மூன்றே ஆண்டுகள்! 2004-இல் இரண்டையும் சேர்த்து 14 கோடியே 50 இலட்சம் டொலருக்குச் ‘சீடர் ஃபெயர்’ என்னும் போட்டிக் கம்பனியிடம் விற்றுவிட்டது. வாங்கியவர்கள் 2007-இல் இராட்டினங்களை நிறுத்தினர். எஞ்சிய நீர்ப்பூங்காவும் 2016-இல் மூடப்பட்டது. 1925-இல் மரத்தாற் கட்டிய ‘பிக் டிப்பர்’ என்னும் உருள்வண்டிப் பாதையும் அவ்வாண்டே இடித்தகற்றப்பட்டது.

இத்துடன் கடன் தீர்ந்ததா? இல்லை. 2007-இல் மேலும் ஏழு பூங்காக்கள் 31 கோடியே 20 இலட்சம் டொலருக்கு விலைப்பட்டன. கடனோ 200 கோடி டொலருக்கு மேல் நின்றது. 2009 ஜூனில் கம்பனி வங்குரோத்து மன்றின் வாசலில் நின்றது. பூங்காக்களை விற்ற பணமெல்லாம் ஓட்டைப் பானையில் ஊற்றிய நீராயிற்று.

இதனினும் விந்தை ஒன்றுண்டு. அன்று விற்ற டேரியன் லேக், ஃபிரண்டியர் சிட்டி முதலியவற்றை 2018-இல் அதே கம்பனி குத்தகைக்கு எடுத்து மீண்டும் நடத்தப் புகுந்தது. நிலம் வேறொருவர் உடைமை, உழைப்பு இவருடையது! காணியை அறுதியாக விற்றவன் அதே வரம்பில் வாரக்காரனாக வந்து நின்ற கதையன்றோ இது?

பெரிய பூங்காக்களுக்கு முதலீடு வேண்டும், சிறியவை சுமை என்று கம்பனிகள் கூறும் நியாயத்தை நாம் முற்றாகத் தள்ளவில்லை. விற்பனை யாவும் தீமை என்பதும் எம் வாதமன்று. கைமாறியும் பிழைத்த பூங்காக்கள் உள. ஆனால், ‘சிறியது’ என்பது கணக்கேட்டின் சொல். அவ்வூர் இளைஞன் முதற் சம்பளம் பெற்ற இடம் அது. அயற்கடைகளுக்கு வாடிக்கை தந்த இடம். உள்ளூராட்சிக்கு வரி ஈட்டிய இடம். கடன் பட்டவர்கள் ஓரிடத்தில், இழப்பவர்கள் வேறிடத்தில். இது நீதியாகுமா?

நியூயோர்க் மாநிலத்து வெஸ்ற்செஸ்ரர் மாவட்டத்தைப் பாருங்கள். 1928-இல் திறந்த ‘பிளேலான்ட்’ பூங்கா இன்றும் அம்மாவட்ட அரசின் சொத்து. நடத்துபவர் மாறலாம், நிலம் மக்களுடையது.

2024 ஜூலையில், ஒருகால் விற்றவரும் வாங்கியவருமான சிக்ஸ் ஃபிளாக்சும் சீடர் ஃபெயரும் ஒரே கம்பனியாயின. 2025 நவம்பரில் மேரிலாந்துப் பூங்கா மூடப்பட்டது. ஏறக்குறைய 500 ஏக்கர் நிலம் வேறு பயனுக்கு விலை கூறப்பட்டது. விற்றுக் கடன் தீர்க்கும் பழைய பாதையிலேயே வண்டி மீண்டும் ஓடுகிறது.

எம் கோரிக்கை எளியது. இத்தகைய பூங்கா ஒன்றை விற்குமுன் ஊராருக்கு உரிய காலத்தில் அறிவித்தல் வேண்டும். வாங்கும் முதல் உரிமை உள்ளூராட்சி மன்றுக்கே இருத்தல் வேண்டும். கடனைப் பட்டவன் ஒருவனாகவும் அதைக் கட்டுபவன் இன்னொருவனாகவும் இருக்கும் முறையை எந்நாட்டுச் சட்டமும் பொறுத்தலாகாது.