அகல டயரும் தாழ்த்திய காரும்: முதலுக்கு மோசம் வரலாமா?

பருப்பு விலையும் மிளகாய் வரத்தும் பேசும் இந்த இதழில் கார் டயரைப் பற்றி எதற்குக் கட்டுரை என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. நம் வீட்டுக் கார் மற்றவர் வீட்டுக் கார் மாதிரி அல்ல. காலையில் அப்பா அதில் நாலு மூட்டை அரிசியும் இரண்டு டின் எண்ணெயும் ஏற்றிக்கொண்டு கடைக்கு வருகிறார். மாலையில் அதே காரை மகன் எடுத்துக்கொண்டு நண்பர்களுடன் போகிறான். ஒரே வண்டிக்கு இரண்டு எஜமானர்கள். அப்பாவுக்கு வண்டி சரக்கு தாங்க வேண்டும். மகனுக்கு வண்டி தரையோடு தரையாக, அகலமான டயரோடு, பார்ப்பவர் திரும்பிப் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

ஒரகடம் வட்டாரத்தில் இந்த ஆசை வருவதில் வியப்பில்லை. நம்மைச் சுற்றி நடப்பதெல்லாம் வண்டித் தொழில்தான். 2010-இல் ரெனோ–நிசான் கார் ஆலை இங்கே தொடங்கியது. அதே ஆண்டில் அப்பல்லோ டயர் ஆலையும் உற்பத்தியைத் தொடங்கியது. பிறகு டைம்லர் லாரி, ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் மத்திய அரசு சார்ந்த ஆய்வு மையமும் ஒரகடத்திலேயே இருக்கிறது. பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை. அதற்கும் முன்பே, 1990 முதல் அங்கே சென்னை மோட்டார் பந்தயத் தளம் ஓடிக்கொண்டிருக்கிறது. தாழ்ந்து, அகல டயர் போட்டுப் பறக்கும் கார்களை நம் பிள்ளைகள் கண்ணால் பார்த்து வளர்கிறார்கள். பார்த்ததை வீட்டு வண்டியில் செய்து பார்க்கத் துடிக்கிறார்கள்.

என் வீட்டிலும் நடந்தது. அண்ணன் மகன் காரின் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தி, பெரிய அலாய் வீலும் அகல டயரும் மாட்டிக்கொண்டு வந்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு மாதம் கழித்து, பின்னால் ஆறு மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு வேகத்தடையைத் தாண்டும்போது மட்கார்டில் டயர் உரசிய சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தால் டயரின் உட்பக்கம் பட்டை பட்டையாகத் தேய்ந்திருந்தது. மாட்டிக் கொடுத்த கடையில் கேட்டதற்கு, "நீங்க மூட்டை ஏத்துவீங்கன்னு யார் சொன்னா?" என்றார்கள். அந்தக் கேள்விதான் என்னை யோசிக்க வைத்தது. மாட்டுவதற்கு முன் அவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அல்லவா அது?

அகலம் கூடினால் பிடிப்பு கூடுமா?

எல்லோரும் சொல்வது, "டயர் அகலமானால் ரோட்டில் அதிக ரப்பர் படும், பிடிப்பு கூடும்" என்பது. கணக்குப் போட்டுப் பார்ப்போம், அது நமக்குக் கைவந்த கலைதானே. ஆள் ஏறிய சின்னக் கார் சுமார் 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 250 கிலோ. டயரில் காற்று 30 பவுண்டு என்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.1 கிலோ. 250-ஐ 2.1 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 120 சதுர சென்டிமீட்டர். ஓர் அஞ்சலட்டை அளவுதான். அகல டயர் போட்டாலும் எடையும் காற்றும் மாறாதவரை தரையில் படும் பரப்பு பெரிதாகக் கூடுவதில்லை. நீளவாக்கில் இருந்த அஞ்சலட்டை குறுக்குவாக்கில் திரும்புகிறது, அவ்வளவுதான்.

அந்தத் திருப்பத்தால் வளைவில் வண்டி கொஞ்சம் உறுதியாகத் திரும்பும் என்பது உண்மை. மறுக்கவில்லை. ஆனால் அதற்கு விலை உண்டு. ஸ்டியரிங் கனக்கும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மழை. குறுகலான டயர் தேங்கிய நீரைக் கிழித்துக்கொண்டு தரையைத் தொடும். அகல டயர் அதே வேகத்தில் நீரின் மேல் வழுக்கி ஏறப் பார்க்கும். ஐப்பசி, கார்த்திகையில் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் நீர் தேங்கும்போது லாரிகளுக்கு நடுவே வண்டி வழுக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மீட்டரும் ஒரு தராசுதான்

இன்னொரு சங்கதி நம் தொழிலோடு ஒட்டியது. டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதைப் பாருங்கள். 155/80 ஆர் 13 என்றிருந்தால், அகலம் 155 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், அதாவது 124 மில்லிமீட்டர். ரிம் 13 அங்குலம். கூட்டினால் சக்கரத்தின் முழு உயரம் சுமார் 578 மில்லிமீட்டர். நம் ஒரகடத்தில் தயாரான ரெனோ க்விட் கார் 2015-இல் இந்த டயரோடுதான் வந்தது.

இதைக் கழற்றிவிட்டு 175/70 ஆர் 14 மாட்டினால் முழு உயரம் சுமார் 600 மில்லிமீட்டர். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 4 சதவீதம் கூடுதல் தூரம் போகும். மீட்டருக்கு அது தெரியாது. மீட்டர் 80 காட்டும்போது வண்டி 83-இல் ஓடும். மீட்டரில் 100 கிலோமீட்டர் ஏறினால் நிஜத்தில் 104 கிலோமீட்டர் ஓடியிருக்கும். சிறிய டயர் மாட்டினால் இதற்கு நேர்மாறு. நம் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வாங்குகிறோம். 100 கிராமுக்கு 4 கிராம் வித்தியாசம் காட்டும் தராசைக் கடையில் வைத்திருப்போமா? வைத்தால் அதிகாரி விடுவாரா? கடையில் தராசுக்குக் கொடுக்கும் மரியாதையை வண்டியில் மீட்டருக்கும் கொடுக்க வேண்டாமா?

"அப்படியானால் கம்பெனிக்காரனே அகல டயர் போடுகிறானே?" என்று பிள்ளைகள் மடக்குவார்கள். போடுகிறான்தான். அதே க்விட் காருக்கு 2019-இல் 165/70 ஆர் 14 டயர் வந்தது. சக்கரத்தின் உயரம் சுமார் 8 மில்லிமீட்டர்தான் கூடியது. வண்டிக்கும் தரைக்குமான இடைவெளி 180-இலிருந்து 184 மில்லிமீட்டர் ஆனது. கம்பெனி அகல டயர் போடும்போது வண்டியைத் தாழ்த்தவில்லை, 4 மில்லிமீட்டர் உயர்த்தியது என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கேற்ற ரிம் கொடுத்து, சோதித்துச் சான்று வாங்கிய பிறகுதான் விற்பனைக்கு விட்டது. நம் தெருமுனையில் ஒரு மணி நேரத்தில் நடக்கும் வேலையும் அதுவும் ஒன்றல்ல.

தாழ்த்துவதில் உள்ள கழித்தல் கணக்கு

180 மில்லிமீட்டர் என்றால் 18 சென்டிமீட்டர். ஸ்பிரிங் வெட்டி 4 சென்டிமீட்டர் தாழ்த்தினால் மிச்சம் 14. ஆளும் மூட்டையும் ஏறினால் இன்னும் சில சென்டிமீட்டர் இறங்கும். சாலை விதிமுறைப்படி கட்டிய வேகத்தடையே 10 சென்டிமீட்டர் உயரம். ஊர்க்காரர்கள் தாங்களாகக் கட்டிய தடைக்கு அளவே கிடையாது. கழித்துப் பாருங்கள், கையில் என்ன மிஞ்சுகிறது?

ஸ்பிரிங்கை வெட்டுவதால் உயரம் குறைவது மட்டுமல்ல, ஸ்பிரிங் விறைத்தும் போகும். ஆறு சுற்றில் ஒரு சுற்றை வெட்டினால் விறைப்பு சுமார் 20 சதவீதம் கூடும். மேலும் கீழும் அசைய இடமில்லாமல், சுமை ஏறியதும் வண்டி ரப்பர்க் கட்டையில் போய் முட்டும். அந்த அடி ஷாக் அப்சார்பருக்கும் பாடிக்கும் போகும். தாழ்த்தியதால் சக்கரத்தின் சாய்வு மாறும்; அலைன்மெண்ட் பார்க்காவிட்டால் டயர் ஒருபக்கமாகத் தேயும். எங்கள் வீட்டு வண்டிக்கு நடந்தது இதுதான். சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்த ஸ்பேசர் வைத்தாலோ, பொருந்தாத ரிம் போட்டாலோ, வீல் பேரிங்கின் மேல் பாரம் கோணலாக விழும். பக்கச்சுவர் குட்டையான டயர் பள்ளத்தில் விழுந்தால் அடி நேரே ரிம்முக்குப் போகும். ரிம் வளையும், டயரில் வீக்கம் வரும். நாலு சக்கரத்தையும் மாற்றிவிட்டு ஸ்டெப்னியைப் பழைய அளவிலேயே விட்டுவைப்பதும் வழக்கமாக நடக்கிற தவறு. பஞ்சரான அன்றுதான் அது தெரியவரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு சட்டத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

சரக்கு வண்டி வைத்திருப்போர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 58-ஆம் பிரிவின்படி சரக்கு வண்டியின் பதிவில் டயரின் எண்ணிக்கை, வகை, அளவு எல்லாம் ஏறியிருக்கும். குட்டியானைக்குப் பெரிய டயர் போட்டால் கூடுதல் சரக்கு ஏற்றலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். 2005-இல் வந்த டாடா ஏஸ் 750 கிலோ சுமைக்கென்று செய்த வண்டி. டயரை மட்டும் மாற்றுவதால் அச்சும் பிரேக்கும் பெரிதாகிவிடுமா?

காப்பீட்டையும் மறக்க வேண்டாம். செய்த மாற்றத்தைக் கம்பெனிக்குத் தெரிவிக்காமல் விட்டால், விபத்து நடந்த அன்று அதையே காரணம் காட்டி இழப்பீட்டைக் குறைக்கவோ மறுக்கவோ இடம் கொடுத்தவர்கள் ஆவோம். வட்டிக்கு ஆசைப்பட்டு முதலை இழந்த கதைதான்.

நாம் செய்ய வேண்டியது

பிள்ளைகளைத் திட்டுவது என் நோக்கமல்ல. வண்டியின் மேல் ஆசை வைப்பது குற்றமில்லை. அந்த ஆசையிலிருந்து நாளை ஒரு நல்ல மெக்கானிக்கோ, இன்ஜினியரோ, பந்தய வீரரோ வரலாம். தாழ்த்திய வண்டிக்கும் அகல டயருக்கும் உரிய இடம் இருங்காட்டுக்கோட்டைத் தளம். அங்கே வேகத்தடை இல்லை, அரிசி மூட்டை இல்லை, எதிரே பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவதில்லை. கடைச் சரக்கு ஏற்றும் வண்டிக்கு அந்தக் கோலம் வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

அகல டயர் வேண்டுமென்றே ஆசைப்பட்டால், அதே மாடலின் உயர்ந்த வகைக்குக் கம்பெனி கொடுக்கும் அளவோடு நிற்கட்டும். வண்டியின் கையேட்டிலும் கதவோரத்து ஸ்டிக்கரிலும் உள்ள அளவையும் காற்றையும் முதலில் பார்க்க வேண்டும். அளவுக்குப் பின்னால் வரும் எண், டயர் தாங்கும் சுமையைக் குறிக்கும். 74 என்றால் ஒரு டயர் 375 கிலோ தாங்கும். பழைய டயரில் இருந்த எண்ணைவிடக் குறைந்ததை வாங்கவே கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாக்கெட்டில் தேதி பார்ப்பது போல் டயரிலும் தேதி பார்க்கலாம். 3524 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டு 35-வது வாரத்தில் செய்தது. பூவேலைப்பாட்டின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் டயரை மாற்றியே ஆக வேண்டும்.

அடுத்து, டயர் கடையும் அலங்காரக் கடையும் நடத்தும் நம் சகோதர வணிகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மளிகைக்காரர் காலாவதியான சரக்கைத் தெரிந்தே விற்றால் நாமே கண்டிக்கிறோம். பொருந்தாத டயரைத் தெரிந்தே மாட்டிவிடுவது மட்டும் வேறா? "வண்டியில் என்ன ஏற்றுவீர்கள்?" என்று முதலில் கேளுங்கள். கம்பெனி அளவுக்கு மாறானது என்றால் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். ஸ்பிரிங்கை வெட்டும் வேலையை எடுக்காதீர்கள். இரண்டு வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போகலாம். ஆனால் நாணயமான கடை என்ற பெயர் நிற்கும். அந்தப் பெயரை வைத்துத்தானே நாம் எல்லோரும் பிழைக்கிறோம்.

நமது சங்கமும் மழைக்காலத்துக்கு முன் ஒரு மாலைக் கூட்டம் வைக்கலாம். மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவரையும், டயர் ஆலையில் பணிபுரியும் பொறியாளர் ஒருவரையும் அழைக்கலாம். உறுப்பினர்கள் பிள்ளைகளோடு வரட்டும். அப்பா சொன்னால் கேட்காத பிள்ளை, டயர் செய்பவரே சொன்னால் கேட்பான். உலகத்துக்கு டயரும் காரும் செய்து அனுப்பும் ஊரில் இருந்துகொண்டு, தன் வண்டியின் டயர் அளவு தெரியாமல் நாம் இருக்கலாமா? நிர்வாகிகள் யோசிக்க வேண்டும்.