புள்ளி பெரிதா, பிராணன் பெரிதா?

உடம்பெல்லாம் வெள்ளை. அதன்மேல் மை தெளித்தது போலக் கறுப்புப் புள்ளிகள். தெருவில் போனால் யாரும் ஒரு தரம் நின்று பார்ப்பார்கள். அந்த நாய்தான் டால்மேஷன்.

அந்தக் காலத்தில் குதிரை வண்டிகளுக்குக் காவலாகப் பக்கத்திலேயே ஓடி வந்த ஜாதி இது. 1961-ல் வால்ட் டிஸ்னி கம்பெனியார் நூற்றொரு டால்மேஷன்களை வைத்து ஒரு கார்ட்டூன் படம் எடுத்தார்கள். அதன் பிறகு இந்தப் புள்ளி நாய் உலகமெங்கும் குழந்தைகளுக்குச் செல்லமாகிவிட்டது.

குழந்தைகளுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. இந்த நாய்க்கு மூத்திரத்தில் கல் உண்டாகும்!

சாதாரணமாக, நாயின் உடம்பில் உண்டாகும் யூரிக் அமிலம் என்ற கழிவு, ஈரலில் வேறு பொருளாக மாறிவிடும். அந்தப் பொருள் தண்ணீரில் எளிதில் கரையும். சிறுநீரோடு போய்விடும். டால்மேஷனுக்கு அந்த வேலை சரியாக நடப்பதில்லை. யூரிக் அமிலம் அப்படியே சிறுநீரில் இறங்குகிறது. சில நாய்களுக்கு அது கல்லாகத் திரளுகிறது. ஆண் நாய்க்குச் சிறுநீர்க் குழாய் ஒடுக்கமானது. கல் அங்கே போய் அடைத்துக்கொண்டால் நாய் காலைத் தூக்கும். ஒரு சொட்டு வராது. உடனே டாக்டரிடம் போகாவிட்டால் உயிருக்கே ஆபத்து!

டால்மேஷன் எல்லாவற்றுக்கும் கல் வருவதில்லை. ஆனால் கல்லுக்குக் காரணமான குறை அந்த ஜாதி முழுவதையும் பிடித்திருந்தது. புள்ளி அழகைப் பார்த்துப் பார்த்து ஜோடி சேர்த்தார்கள். புள்ளியோடு குறையும் கூடவே வந்துவிட்டது. குறை இல்லாத டால்மேஷன் ஒன்றுகூட இல்லை என்றால், எந்த நாயோடு எந்த நாயைச் சேர்த்து இதைப் போக்குவது?

ஒரே ஒரு கலப்பு

அமெரிக்காவில் ராபர்ட் ஷெய்பிள் என்ற விஞ்ஞானி இருந்தார். பரம்பரைக் குணங்களை ஆராய்பவர். 1973-ல் அவர் ஒரு காரியம் செய்தார். பாயின்டர் என்ற வேட்டை நாயையும் டால்மேஷனையும் ஜோடி சேர்த்தார். பாயின்டருக்கு இந்தக் குறை கிடையாது. பிறந்த குட்டிகளில் ஒன்றை மறுபடியும் சுத்த டால்மேஷனோடு சேர்த்தார். அதன் குட்டியை மறுபடியும் டால்மேஷனோடு. இப்படியே தலைமுறை தலைமுறையாகச் செய்தார். ஒவ்வொரு முறையும், நல்ல சிறுநீர் உள்ள குட்டியை மட்டும் பொறுக்கி எடுத்தார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் ஈற்றில் பாயின்டர் ரத்தம் பாதி. அடுத்ததில் கால். அதற்கடுத்ததில் அரைக்கால். பத்தாவது தலைமுறையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது! மிஞ்சுவது டால்மேஷனேதான். ஆனால் கல்லுக்குக் காரணமான குறை மட்டும் இல்லை.

நாய்களின் வம்சத்தைப் பதிவு செய்யும் சங்கம் அங்கே அமெரிக்கன் கென்னல் கிளப். 1884-ல் தொடங்கியது. ஷெய்பிளின் நாய்களில் ஐந்தாம் தலைமுறையைச் சேர்ந்த இரண்டை, 1981-ல் அந்த கிளப் டால்மேஷன் என்று ஒப்புக்கொண்டு பதிவு செய்தது.

அவ்வளவுதான், கிளம்பியது எதிர்ப்பு! "கலப்பு நாயை எங்கள் ஜாதியில் சேர்ப்பதா?" என்று டால்மேஷன் சங்கத்தார் பலர் கொதித்தார்கள். பதிவு நிறுத்தப்பட்டது. அது மீண்டும் திறக்க எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா? முப்பது!

இடையில் 2008-ல், கலிபோர்னியாவின் டேவிஸ் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் குறைக்குக் காரணமான மரபணுவையே கண்டுபிடித்தார்கள். சோதனை செய்தால் எந்தக் குட்டிக்கு நல்ல மரபணு இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதற்கு மேல் வாதாட என்ன இருக்கிறது? 2010-ல் இங்கிலாந்தின் கென்னல் கிளப், ஷெய்பிள் வம்சத்து நாய் ஒன்றைப் பதிவு செய்தது. 2011-ல் அமெரிக்க கிளப்பும் கதவைத் திறந்தது.

இந்த முப்பது வருஷத்தை நான் சுலபமாக மன்னிக்கமாட்டேன். வைத்தியம் கையில் இருந்தது. ஆனாலும் எத்தனையோ நாய்கள் கல்லடைப்பில் துடித்தன. எதற்காக? பேரேட்டில் ஒரு வரி அழுக்காகிவிடும் என்பதற்காக! மனிதர்களிடையே ஜாதிப் பித்து ஒழியவேண்டும் என்று மேடை மேடையாகப் பேசுகிறோம். அது நாயையும் விடவில்லை, பாருங்கள்.

சங்கமே வேண்டாமா?

அப்படியானால் இந்தச் சங்கங்களை இழுத்து மூடிவிடலாமா என்று கேட்பீர்கள். கூடாது என்பதே என் கட்சி. கதவைப் பூட்டியவர்கள் அவர்கள். சாவியும் அவர்களிடம்தான் இருக்கிறது. எந்த நாய்க்கு எது தாய், எது தகப்பன் என்ற கணக்கு வேறு யாரிடம் இருக்கிறது? அந்தக் கணக்கு இல்லாமல் பரம்பரை நோயை விரட்ட முடியாது.

இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்கிறேன். அங்குள்ள கென்னல் கிளப் 1873-ல் தோன்றியது. நாய்ச் சங்கங்களுக்கெல்லாம் மூத்த அண்ணன். 2008 ஆகஸ்டில் பி.பி.சி. டெலிவிஷன் ஒரு படம் காட்டியது. கண்காட்சியில் பரிசு வாங்கும் உயர்ந்த ஜாதி நாய்கள் என்ன பாடுபடுகின்றன என்று அதில் அம்பலமாயிற்று. கவலியர் என்ற செல்ல நாய்க்கு மண்டை ஓடு சிறியது; மூளைக்கு உள்ளே இடம் போதவில்லை. வலி தாங்காமல் அது துடிப்பதை ஜனங்கள் பார்த்தார்கள். பதறிப்போனார்கள். "கிரப்ட்ஸ்" என்ற பிரபலமான நாய்க் கண்காட்சியை 1966 முதல் ஒளிபரப்பி வந்த பி.பி.சி., 2009-ல் கைகழுவிவிட்டது.

கிளப் விழித்துக்கொண்டது. 2009 முதல், தாய்-மகன், தகப்பன்-மகள், அண்ணன்-தங்கை சேர்ந்து பிறந்த குட்டிகளைப் பதிவு செய்வதில்லை என்று அறிவித்தது. அதற்கு முன்னால் பதிவு செய்து வந்தார்களா என்று மூக்கில் விரலை வைக்கிறீர்களா? ஆமாம், செய்து வந்தார்கள்! 2012 கண்காட்சியில் இன்னொரு புதுமை. பெருத்த குறைகளுக்குப் பெயர்போன 15 ஜாதிகளில் முதல் பரிசு பெற்ற நாய்களை, கால்நடை டாக்டர் சோதிக்கவேண்டும் என்று விதி செய்தார்கள். புல்டாக், பெக்கினீஸ் உள்பட ஆறு ஜாதி நாய்கள் தோற்றன. நடுவர் அழகென்று கொடுத்த பரிசை, டாக்டர் நோயென்று தடுத்துவிட்டார்! சொந்தக்காரர்கள் சிலர் கண்ணீர் விட்டார்கள். எனக்கு அந்த டாக்டர்களிடம்தான் மதிப்பு.

அமெரிக்காவில் இதைவிட அமைதியாக ஒரு நல்ல காரியம் நடந்து வருகிறது. 1966-ல் ஜான் ஓலின் என்ற தொழிலதிபர் முன்னின்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். அவர் லாப்ரடார் நாய்களிடம் பிரியம் உள்ளவர். லாப்ரடார், அல்சேஷன் போன்ற பெரிய நாய்களுக்கு இடுப்பு மூட்டு பொருந்தாமல் போகும் நோய் ஒன்று உண்டு. வயது ஏற ஏற நாய் எழுந்து நிற்கவே கஷ்டப்படும். இந்த அமைப்பு என்ன செய்கிறது? நாய்க்கு இரண்டு வயது ஆனபின் எடுத்த எக்ஸ்ரே படத்தைப் பார்த்து, மூட்டு நன்றாக இருக்கிறதா என்று நிபுணர்கள் தரம் பிரிக்கிறார்கள். தேறிய நாயின் முடிவை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். குட்டி வாங்குகிறவர் தாய்க்கும் தகப்பனுக்கும் மூட்டு எப்படி என்று பார்த்து வாங்கலாம். பெற்றோர் இரண்டும் நன்றாக இருந்தும் குட்டிக்கு நோய் வருவது உண்டு. ஆனால் வாய்ப்பு குறைவு. பெண் பார்க்கப் போகும்போது குடும்பத்தை விசாரிப்பதில்லையா? அது போலத்தான்.

நம் ஊர் வெள்ளை

டால்மேஷனுக்கு இன்னொரு குறையும் உண்டு. செவிடு! அமெரிக்காவில் நடந்த சோதனைகளில் 100 குட்டிகளுக்குச் சுமார் 8-க்கு இரண்டு காதும் கேட்கவில்லை. சுமார் 22-க்கு ஒரு காது கேட்கவில்லை. வெள்ளை ரோமத்துக்குக் காரணமான மரபணுவே உள்காதையும் பாதிக்கிறது. நிறம் தரும் அணுக்கள் உள்காதுக்கும் தேவை. அவை அங்கே போய்ச் சேராவிட்டால் காது மந்தமாகிவிடும்.

இங்கேதான் நம் ராஜபாளையம் நாயின் ஞாபகம் வருகிறது. பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு. 2005-ல் தபால் இலாகா வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் இதுவும் ஒன்று. இந்த நாய்க்கும் செவிடு உண்டு. வெள்ளைதான் வேண்டும், நிறம் கலந்த குட்டி வேண்டாம் என்று விலக்கும் பழக்கம் பல காலமாக இருக்கிறது. நிறத்துக்குக் கொடுக்கும் மதிப்பில் பாதியைக் காதுக்குக் கொடுத்திருந்தால் இவ்வளவு செவிட்டுக் குட்டிகள் பிறக்குமா?

இந்தியாவில் நாய்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்பின் தலைமை இடம் சென்னைதான். மத்திய சர்க்கார் 2017-ல் நாய் வளர்ப்பு, விற்பனைக்கு விதிகள் செய்தது. குட்டி வியாபாரம் செய்பவர் மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிந்துகொள்ளவேண்டும். பெண் நாய்க்கு 18 மாதம் ஆகாமல் ஜோடி சேர்க்கக் கூடாது. எட்டு வயதுக்கு மேலும் கூடாது. ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. நல்ல விதிகள். ஆனால் தாயை அலுக்கவைக்காமல் காப்பாற்றுவது ஒன்று. பரம்பரை நோயைத் தடுப்பது வேறொன்று. பின்னதைச் சங்கங்கள்தான் செய்யவேண்டும். காது சோதனையில் தேறிய ராஜபாளையத்துக்குத்தான் பதிவுச் சீட்டு என்று ஒரு விதி போடட்டும். செவிட்டு நாயை ஜோடி சேர்ப்பது தானாகவே குறைந்துவிடும். நிறம் கலந்த நல்ல நாய்க்கும் பதிவில் இடம் கொடுக்கட்டும்.

காது சோதனை ஒன்றும் மாயமில்லை. ஐந்தாறு வாரக் குட்டியின் தலையில் மெல்லிய கம்பிகளைப் பொருத்துவார்கள். காதில் 'டிக் டிக்' என்று ஓசை கொடுப்பார்கள். மூளைக்குச் செய்தி போகிறதா என்று கருவி காட்டிவிடும். ஒவ்வொரு காதையும் தனித்தனியே பார்க்கலாம்.

குட்டி வாங்கப் போகிறவர்கள் கையைத் தட்டிப் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள். அதில் ஏமாந்து போவது சுலபம். கூடப் பிறந்தவை துள்ளி எழுந்தால் செவிட்டுக் குட்டியும் அவற்றைப் பார்த்து எழுந்து ஓடிவரும். கருவி இல்லாத ஊரில், குட்டியைத் தனியே ஓர் அறைக்குக் கொண்டுபோங்கள். அது தூங்கட்டும். முதுகுப் பக்கமாக எட்ட நின்று, காற்று அதன் மேல் படாமல், ஒரு தட்டைத் தட்டுங்கள். ஒரு காது கேட்கும் குட்டி இதிலும் தேறிவிடும். இரண்டு காதும் கேட்காத குட்டி தூங்கிக்கொண்டே இருக்கும்.