18 வயதுக்குப் பிறகு யார் பொறுப்பு?

2025 செப்டம்பர் 22 முதல் மருத்துவக் கருவிகள் பலவற்றின் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்ததைப் பெரிய நிவாரணம் என்கிறார்கள். 'ஸ்பைனா பைஃபிடா' எனும் முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்தவர்களின் வீட்டில் போய் அதைச் சொல்லட்டும்.

நரம்பு பாதித்ததால் இவர்களில் பெரும்பாலானோருக்குச் சிறுநீர்ப்பை தானாகக் காலியாவதில்லை. நான்கு மணி நேரத்துக்கொருமுறை கதீட்டர் குழாயைச் செலுத்தி வெளியேற்ற வேண்டும். நாளுக்கு 5 முறை என்றால் ஆண்டுக்கு 1,825 முறை. 30 ஆண்டுகளில் 54,750. இந்த 1,825-ஐச் சுகாதாரத் துறைக் கோப்புகளின் முதல் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். ஒருமுறையோடு எறிய வேண்டிய குழாயைச் சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, டப்பாவில் பத்திரப்படுத்தி மறுபடி எடுக்கிறார்கள். மதிய இடைவேளையில் அம்மா பள்ளிக்கு ஓடிவந்து கழிப்பறையில் குழாய் வைத்துவிட்டுப் போகிறார். அவர் எந்த வேலைக்குப் போக முடியும்?

மிச்சிகன் பல்கலைக்கழகச் சிறுநீரியல் மருத்துவர் ஜாக் லாபிடெஸ் இடைவெளிவிட்டுக் குழாய் வைக்கும் இந்த முறையை 1972-லேயே உலகுக்குச் சொல்லிவிட்டார். வழி தெரிந்து அரை நூற்றாண்டு கடந்தும் சிறுநீர் தேங்கி ஒரு பிள்ளையின் சிறுநீரகம் கெடுகிறதென்றால், அது நோயின் குற்றமல்ல, நிர்வாகத்தின் குற்றம்.

2013-ல் வந்த தேசிய சிறார் நலத் திட்டத்தின் பட்டியலில் ஸ்பைனா பைஃபிடாவை உள்ளடக்கிய நரம்புக்குழாய்க் குறைபாடு இருக்கிறது. ஆனால், 18 வயதோடு திட்டம் கைகழுவிவிடுகிறது. இவர்களில் சிலருக்கு மூளைநீரை வடிக்க வைத்த ஷன்ட் குழாய் 25 வயதில் அடைத்துக்கொள்ளாதா? குழந்தைகள் பிரிவு 'வயது தாண்டிவிட்டது' என்கிறது. பெரியவர்கள் பிரிவிலோ நரம்பியல், சிறுநீரியல், எலும்பியல் என மூன்று வரிசை. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அடுக்கும் 21 வகைகளிலும் ஸ்பைனா பைஃபிடாவுக்குத் தனிப் பெயரில்லை.

'ஸ்கேனிலேயே தெரிந்துவிடுமே, ஃபோலிக் அமில மாத்திரை இருக்கிறதே' என்பவர்களுக்கு ஒரே பதில்தான்: பிறந்துவிட்டவர்களைப் பற்றிப் பேசுகிறோம். 'எண்ணிக்கை குறைவு' என்பது வாதமே அல்ல.

2021-ல் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் டயாலிசிஸ் திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. சிறுநீரகம் கெட்ட பிறகு பை தரும் அரசு, கெடும் முன்பே குழாய் தரட்டும். வயது வரம்பின்றி, மாதந்தோறும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மாதம் ஒருநாள் மூன்று துறையினரும் ஒரே அறையில் அமரட்டும். இவ்விரண்டும் நடந்தால் இவர்களில் ஒருவர்கூட டயாலிசிஸ் படுக்கைக்குப் போக வேண்டியிராது என்பது என் உறுதியான நம்பிக்கை. வரும் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு இதை அறிவிக்க வேண்டும்.