விண்கப்பலில் கக்கூஸ் கழுவுவது யார்?

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகிற ரோட்டில் ஒரு டீக்கடை. பக்கத்துச் சேரிப் பையன் ஒருத்தன், பன்னிரண்டாவது முடித்தவன், செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். பழைய இங்கிலீஷ் தொடர். ஆகாயத்தில் ஒரு கப்பல் போகிறது.

"ணா, இந்தக் கப்பல்ல நானூறு பேருக்கு மேல கீறாங்களாம். கேப்டன், டாக்டரு, இன்ஜினியரு, எல்லாத்துக்கும் தனித்தனி டிபார்ட்மெண்டு. கக்கூஸ் கழுவறவன மட்டும் காட்டவே மாட்டேங்கறான்."

சிரித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. அவன் அப்பா செப்டிக் டேங்க் லாரியில் ஓஸ் பிடிக்கிறவர். இந்தக் கடற்கரை ரோட்டில் பங்களாக்களும் ரிசார்ட்டுகளும் கழித்துத் தள்ளுவதை உறிஞ்சிக்கொண்டு போகிற லாரி. நம் கண்ணுக்குப் படாத ஓட்டை அந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் படும்.

அவன் காட்டியது 'ஸ்டார் ட்ரெக்'. 1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கியது. கப்பலின் பெயர் எண்டர்பிரைஸ். ஆட்கள் 430 பேர். சட்டை நிறத்தைப் பார்த்தே பிரிவைச் சொல்லிவிடலாம். தலைமைக்கு மஞ்சள், அறிவியலுக்கும் மருத்துவத்துக்கும் நீலம், இன்ஜினுக்கும் காவலுக்கும் சிவப்பு. முன்பின் தெரியாத கிரகத்தில் இறங்கினால் முதலில் சாகிறவன் அநேகமாகச் சிவப்புச் சட்டைக்காரன்தான்.

இந்தத் தொடரைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. கறுப்பின மக்கள் ஓட்டுரிமைக்குத் தெருவில் அடிவாங்கிக்கொண்டிருந்த காலத்தில், தகவல் தொடர்பு அதிகாரி உஹூராவாக ஒரு கறுப்பினப் பெண்ணை, நிஷெல் நிக்கோல்சை, அதில் உட்கார வைத்தார்கள். முதல் வருஷம் முடிந்து அவர் விலக நினைத்தபோது, போகாதே என்று தடுத்தவர் மார்ட்டின் லூதர் கிங். 1977இல் நாசாவுக்குப் பெண்களையும் கறுப்பினத்தாரையும் சேர்க்கும் பிரச்சாரத்துக்கு அதே நிக்கோல்ஸ் போனார். அந்தச் சமயத்தில் தேர்வான கியோன் புளூஃபோர்ட் 1983இல் விண்வெளிக்குப் போன முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் ஆனார். நாற்காலியில் நம் ஆள் உட்கார்ந்திருக்கிற காட்சிக்கு வலு உண்டு. மறுக்கவில்லை.

ஆனாலும் பையனின் கேள்வி அப்படியே நிற்கிறது. அந்தக் கப்பலில் கக்கூஸ் கண்ணில் படுவதே அரிது. எதிர்காலத்தைக் கற்பனை செய்கிறவனுக்கு இனம் கடந்த தலைமையைக் கற்பனை செய்ய முடிகிறது. மலத்தைக் கற்பனை செய்ய முடியவில்லை.

நிஜக் கப்பலுக்கு வருவோம். வெள்ளைக்காரன் கம்பெனிக் கப்பல்களில் இந்திய மாலுமிகளை 'லஸ்கர்' என்றார்கள். மூன்று பிரிவு: டெக், இன்ஜின், சலூன். டெக்கில் தலைவன் சாரங், அவனுக்குக் கீழே டிண்டல், அதற்கும் கீழே கலாசி. சமையலுக்குப் பண்டாரி. டிண்டல் வேறு யாருமில்லை, தூத்துக்குடித் தோணிகளில் 'தண்டல்' என்கிறார்களே, அந்தச் சொல்தான். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒவ்வொரு சமூகத்திலிருந்து ஆள் பிடிப்பது வழக்கம். இந்த ஏணியின் கடைசிப் படிக்கும் ஒரு பெயர் இருந்தது: டோப்பாஸ். கக்கூஸ், குளியலறை கழுவுகிறவன். பெரும்பாலும் துப்புரவுச் சாதிகளிலிருந்து வந்தவன்.

இந்தச் சொல்லின் கதையைக் கேளுங்கள். சென்னைக் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனி வைத்திருந்த போர்ச்சுகீசியக் கலப்பினச் சிப்பாய்களுக்கும் டோப்பாஸ் என்றுதான் பெயர். தொப்பியிலிருந்து வந்தது என்பார் உண்டு. இருமொழிக்காரன் என்ற பொருளில் வரும் 'துபாஷி'யிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. துபாஷி என்ற பெயரோடு போனவன் மாளிகை கட்டினான். டோப்பாஸ் என்ற பெயர் கப்பலின் கக்கூசுக்குள் போய் முடிந்தது. கடலைத் தாண்டினால் சாதி போய்விடும் என்று சாஸ்திரம் பயமுறுத்தியது. போகவில்லையே! சம்பளப் பட்டியலில் பெயரை எழுதிக்கொண்டு கூடவே கப்பலேறியது.

சுதந்திரம் வந்த பிறகும் இந்தியக் கடற்படையில் டோப்பாஸ் என்றொரு மாலுமிப் பிரிவு இருந்தது. இன்று பெயர் 'ஹைஜீனிஸ்ட்'. சமைப்பவர், பரிமாறுபவர், ஹைஜீனிஸ்ட் என்று ஆளெடுப்பு அறிவிப்பில் வரிசையாக இருக்கும். கழிப்பறை, குளியலறைச் சுத்தம் அந்த மூன்றாவது ஆளின் பொறுப்பு. சாதியைக் கேட்டு எடுப்பதில்லை, சரி. ஆனால் கழுவுவதற்கென்று தனி ஆள் வேண்டும் என்ற நினைப்பு மாறவில்லை.

வேலையைப் பிரிப்பது வேறு, வேலை செய்கிற மனிதர்களைப் பிரித்து அடுக்குவது வேறு என்று அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் விளக்கினார். கப்பலுக்குப் பிரிவுகள் வேண்டாம் என்று எவனும் சொல்ல மாட்டான். இன்ஜின் தெரிந்தவன் இன்ஜினைப் பார்க்கட்டும். ஆனால் கக்கூஸ் கழுவுவதற்கு என்ன தனி ஞானம் வேண்டும்? எல்லாரும் போகிறார்கள், எல்லாரும் கழுவலாம். அதை ஒரு டிபார்ட்மெண்ட் ஆக்கும்போதுதான் அங்கே சாதி குடியேறுகிறது.

"இதெல்லாம் நடக்கிற கதையா?" என்பீர்கள். நடக்கிறது, நம் தலைக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். சர்வதேச விண்வெளி நிலையத்தில் துப்புரவுப் பிரிவு கிடையாது. வாராவாரம் சனிக்கிழமை ஆட்கள் கூடித் துடைக்கிறார்கள். கமாண்டருக்கும் விலக்கில்லை. 2008இல் அங்கே கக்கூஸ் பம்ப் கெட்டுப்போனது. பூமியிலிருந்து ஓடத்தில் வந்த புதுப் பம்பைப் பொருத்திச் சரிசெய்தவர் ரஷ்யப் பொறியாளர் ஒலெக் கோனனென்கோ. 2024இல் விண்வெளியில் மொத்தம் ஆயிரம் நாளைக் கடந்த முதல் மனிதர் அவர்தான். அவருடைய கையில் ஒட்டாத தீட்டு நம் அப்பன் கையில் மட்டும் எப்படி ஒட்டியது?

இன்னொன்று. அந்த நிலையத்தில் மூத்திரத்தையும் வேர்வையையும் சுத்தம் செய்து திரும்பக் குடிக்கிறார்கள். 98 சதவீதத் தண்ணீரை மீட்டுவிட்டதாக நாசா 2023இல் அறிவித்தது. தனி டம்ளர் வைத்துத் தீட்டுக் காத்த நாட்டுக்காரன் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும். நம் நாடும் 'ககன்யான்' விடப்போகிறது. நான்கு வீரர்களின் பெயர்களை 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அந்தச் சின்னக் கூண்டுக்குள் ஒரு டோப்பாசை ஏற்ற இடமில்லை. அவரவர் கழிவை அவரவர்தான் கட்டி வைக்க வேண்டும். மேலே முடிகிறது, கீழே ஏன் முடியவில்லை?

கீழே நடப்பது நமக்குத் தெரியும். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். சாக்கடைக் குழியில் செத்தால் 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்சநீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக்கியது. சாவுக்கு விலை ஏறுகிறது. சாவு நிற்கவில்லை. ராக்கெட்டுக்கு மூளை இருக்கிற நாட்டில் குழிக்கு மிஷின் இல்லையாம்!

இனி நம் வீட்டுக்கணக்கு. நம் கூட்டம் முடிந்ததும் இலை எடுப்பது யார்? பாத்திரம் கழுவுவது யார்? தலைவர் பேசிவிட்டுக் காரில் ஏறுகிறார். பெண் தோழர்கள் துடைப்பத்தைத் தேடுகிறார்கள். அருந்ததியத் தோழரைப் பார்த்து முகம் சுளிக்கிறவன் நமக்குள்ளேயே இருக்கிறான். மாணவர் விடுதி கக்கூஸ் நாறினால் வார்டனைத் திட்டுகிறோம். திட்ட வேண்டியதுதான், அரசைக் கேட்க வேண்டியதுதான். ஆனால் முகாமிலும் மாநாட்டிலும் முறைவைத்துக் கழுவ நமக்கு என்ன தடை? முதல் முறை தலைவருடையதாக இருக்கட்டும். கசக்கிறதா? அப்படியானால் அந்த விண்கப்பல் கதை எழுதியவனுக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை.

பையன் கடைசியில் கேட்டது இதுதான்: "ணா, நான் கப்பலுக்குப் போனா என்ன எந்த டிபார்ட்மெண்ட்ல போடுவாங்க?" கோவளத்துக்கு வடக்கே அதே கடற்கரை ரோட்டில் கானாத்தூரிலும் உத்தண்டியிலும் கப்பல் படிப்புக்குப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. தோளில் பட்டை குத்தின வெள்ளைச் சட்டைப் பிள்ளைகளை அவன் தினம் பார்க்கிறான். தனியார் படிப்புக்குப் பணம் லட்சங்களில். ஆளெடுப்பது பெரும்பாலும் தனியார் கம்பெனிகள், இடஒதுக்கீடு அங்கே எட்டாது. போதாததற்கு, கப்பல் வேலை என்று பணம் பிடுங்கும் ஏஜெண்டுகள் வேறு.

அவனிடம் நான் சொன்னது: "டெக்கோ இன்ஜினோ, நீ கேட்டு வாங்குடா தம்பி. லைசென்ஸ் இல்லாத ஏஜெண்ட்கிட்ட ஒரு ரூபா குடுக்காத. கல்விக்கடன், உதவித்தொகை எது உண்டோ அதுக்கு நாம சேந்து அலையலாம். அங்க போயி கக்கூஸ் கழுவச் சொன்னா கழுவு. ஆனா 'அடுத்த வாரம் யாரு முறை?'ன்னு கேட்டுட்டுக் கழுவு."

நாமும் கேட்போம் தோழர்களே. வருகிற முகாமிலிருந்தே.