மானியத்தோடு ஒரு நன்னீர்க் குழாயும்

தமிழ்நாடு அரசின் மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை ஆணையர் அவர்களுக்கு,

நாட்டுப்படகின் பின்பலகையில் மாட்டி இறுக்கப்படும் வெளிப்பொருத்து மோட்டாரை, அதாவது எஞ்சினும் இறங்குதண்டும் விசிறியும் ஒரே உடலாக அமைந்து, தேவைப்படும்போது கழற்றிக் கரையேற்றக்கூடிய இயந்திரத்தை, வாங்குவதற்கு அரசு மானியம் வழங்குகிறது. வாங்கிய பின் அந்த எஞ்சின் எத்தனை ஆண்டு உழைக்கிறது என்ற கேள்வியை அந்தத் திட்டம் எழுப்புவதில்லை என்பதும், அதற்கான விடை பெரும்பாலும் கரையில் கிடைக்கும் நன்னீரில்தான் இருக்கிறது என்பதும் இம்மடல் முன்வைக்கும் வழக்கு.

விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் உண்டு. மீன்கள் இனம் பெருக்குவதற்காக வகுக்கப்பட்ட அந்த இடைவெளி, நடைமுறையில் படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும் பருவமாகவும் ஆகிவிட்டது. நாட்டுப்படகுகள் அத்தடையில் சேராததால் அவற்றின் தொழில் நிற்பதில்லை, நிற்காதது நல்லதும்கூட. ஆயினும் சிறு மோட்டாருக்கென்று பழுதுபார்க்கும் பருவம் எதுவும் இல்லாமற்போய், அது நின்றுவிடும் நாளே அதன் பராமரிப்பு நாளாகிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் ஃபைபர் படகுகளும் மோட்டார்களும் பெருமளவில் வழங்கப்பட்ட காலத்திலும் கொடுத்தவற்றின் எண்ணிக்கை பேசப்பட்ட அளவுக்கு உதிரிபாகங்கள் பேசப்படவில்லை.

இவ்வகை மோட்டார்களுக்குக் காரில் உள்ளதுபோன்ற ரேடியேட்டர் கிடையாது. கடல்நீரையே இழுத்துத் தம்மைக் குளிர்வித்துக்கொள்கின்றன. விசிறிக்கு மேலுள்ள கூட்டுக்குள் சுழலும் இம்பெல்லர் என்னும் ரப்பர் இதழ்ச் சக்கரம் நீரை உறிஞ்சி, சிலிண்டரைச் சுற்றியுள்ள குறுகிய வழிகளில் ஏற்ற, அதில் ஒரு பகுதி பின்புறத்துச் சிறுதுளை வழியே தாரையாகப் பீறிட்டு, உள்ளே நீர் ஓடுவதை ஓட்டுபவருக்குக் காட்டுகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருப்பதால், எஞ்சினை அணைத்த பின் உள்ளே தங்கிய நீர் சூட்டில் வற்றி, உப்பு அவ்வழிகளின் சுவரில் படிகிறது. நாள்தோறும் சேரும் இப்படிவு வழியைச் சுருக்க, தாரை மெலிந்து, சூடு ஏறி, கடைசியில் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப்போகிறது. அலை முறியும் இடத்தில் படகை இறக்கும்போது உள்ளே புகும் மணலோ இம்பெல்லரின் இதழ்களைத் தேய்த்து இந்த முடிவை விரைவுபடுத்துகிறது.

இதற்கான பரிகாரம் மிக எளியது. 200 லிட்டர் பேரலில் நன்னீர் நிரப்பி, உறிஞ்சு துளைகளுக்கு மேல் நீர்மட்டம் நிற்குமாறு மோட்டாரை இறக்கி, விசிறியைச் சுழலவிடாமல் நியூட்ரலில் சுமார் பத்து நிமிடம் ஓட்டினால் உப்பு கரைந்து வெளியேறிவிடும். நீரில்லாமல் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது மட்டும் கூடாது. உராய்வைத் தணிக்க நீர் இல்லாதபோது இம்பெல்லர் மிக விரைவில் கருகிவிடும். ஆனால் குடிநீருக்கே குடங்கள் வரிசையில் நிற்கும் கரையோர ஊர்களில், ஆழ்துளைக் கிணற்று நீரும் உவர்ப்பாக இருக்கையில், எஞ்சின் கழுவ ஒரு பேரல் நல்ல தண்ணீரைக் கேட்கவே மீனவர் கூசுவார். சோம்பலால் கழுவவில்லை என்று கரைக்கு வெளியே சொல்லப்படும் குற்றச்சாட்டு இதை அறியாதது.

நன்னீரால் தீராத பழுது ஒன்றும் உண்டு. அறுந்த நரம்பு வலையின் இழை விசிறித் தண்டில் சுற்றி, உள்ளே நகர்ந்து, கியர் கூட்டை அடைக்கும் சீல் என்னும் ரப்பர் வளையத்தை அறுத்துவிடும். வெளியே எதுவும் தெரியாது. கூட்டின் அடித்திருகைக் கழற்றும்போது கியர் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்து வழிந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். சிறுவிலைச் சீலை அன்றே மாற்றாதவர் சில மாதங்களில் கியரையே மாற்ற வேண்டிவரும்.

எரிபொருளிலும் ஒழுங்கு வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினைப் பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கரை சேருமுன் மீண்டும் பெட்ரோலுக்குத் திருப்ப வேண்டும். இல்லையேல் எளிதில் ஆவியாகாத மண்ணெண்ணெய் கார்புரேட்டரில் தங்கி, மறுநாள் விடியலில் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் எஞ்சின் பிடிக்காது.

கடலில் நின்றுபோகும் எஞ்சின்கள் எல்லாமே உடைந்தவை அல்ல. கிளம்பிச் சில நிமிடங்களில் அடங்கினால் டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறக்கப்படாமல் இருக்கலாம். எரிபொருள் குழாயின் நடுவிலுள்ள ரப்பர் குமிழ் சப்பிப்போய் எழாமலிருப்பதே அதற்கு அடையாளம். பிளக்கைக் கழற்றும்போது அது உலர்ந்திருந்தால் எரிபொருள் வரவில்லை என்றும், நனைந்திருந்தால் தீப்பொறியை ஐயுற வேண்டும் என்றும் கொள்ளலாம். எதற்கும் முன்பாக, அவசர நிறுத்தக் கயிற்றின் கிளிப் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. இந்த அளவு அறிவும், ஒரு பிளக்கும், அதைக் கழற்றும் ஸ்பேனரும் படகில் இல்லாமற்போவதன் விலை எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பாக் நீரிணையில் 1974-இல் வகுக்கப்பட்ட எல்லைக்கோட்டுக்கு அருகே எஞ்சின் அணைந்த படகை நீரோட்டம் எந்தப் பக்கம் கொண்டுபோகும் என்பது படகிலிருப்பவர் கையில் இல்லை.

ஆகவே துறை செய்யத்தக்கவை பெரிய செலவினங்கள் அல்ல. மீன் இறங்குதளமும் ஏலக்கூடமும் கட்டும் மதிப்பீட்டிலேயே உவர்ப்பில்லாத நீர்க்குழாய் ஒன்றும் கழுவுதொட்டி ஒன்றும் சேர்க்கப்படலாம். ஒரு தொட்டி நீரில் அடுத்தடுத்துச் சில எஞ்சின்களை ஓட்ட முடியும் என்பதால் குடிநீரோடு பெரிய போட்டி எழாது. மோட்டாருக்குரிய மானியம் இம்பெல்லர், சீல், பிளக் ஆகியவற்றுக்கும் ஆண்டுதோறும் சிறிய அளவில் நீளலாம். நாகப்பட்டினத்தில் தலைமையிடம் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகமும் சென்னையிலுள்ள சிப்னெட் என்னும் மத்தியப் பயிற்சி நிறுவனக் கிளையும், ஊருக்கு இரண்டு இளைஞருக்குக் குறுகியகாலப் பழுதுநீக்கப் பயிற்சி அளிக்கலாம். அதுவும் வகுப்பறையில் அன்றி அந்தந்தக் கரையிலேயே நடப்பது நல்லது. குழாயின் பராமரிப்பை மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடம் விட்டு, மோட்டார் நிதியின் ஒரு சிறு பங்கை அதற்கு ஒதுக்குவது குறித்து அடுத்த நிதியாண்டின் திட்ட வரைவிலேயே ஆணையர் அவர்கள் ஆணை பிறப்பிக்க வேண்டும்.